எஞ்சின் கத்துது, படகு நகரல: அவுட்போர்டு புரொப்பெல்லர் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

"எவர்சில்வர் காத்தாடி ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினின் புரொப்பெல்லரைத்தான் காத்தாடி என்கிறார்கள், எவர்சில்வர் என்பது ஸ்டீல். "இப்போ போட்டிருக்கிறது என்ன பண்ணுது?" என்று திருப்பிக் கேட்பேன். படகு முன்னைப் போல ஓடவில்லை, பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது, நடுங்குகிறது, அலையில் தூக்கினால் அலறுகிறது என்று ஏதாவது ஒன்று வரும். அதில் பெரும்பாலானவை உலோகத்தால் வந்த கோளாறு இல்லை. புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் போயிருக்கும், இறக்கையின் சாய்வுக் கணக்கான பிட்ச் தப்பாக இருக்கும், எஞ்சினை உயரமாக மாட்டியிருப்பார்கள். அதைச் சரி செய்யாமல் வழக்கமான அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து ஸ்டீல் போட்டால், பழைய கோளாறு புதுப் பளபளப்போடு ஓடும். அவ்வளவுதான்.

நான் பார்ப்பது பெரும்பாலும் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடாப் பக்கத்து ஃபைபர் படகுகள். எஞ்சின்கள் 9.9 குதிரைத்திறனிலிருந்து 40 வரை. ஆழம் குறைந்த கடல், கடற்புல், பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டு, மணல் கரை. கீழே சொல்வதெல்லாம் இந்தச் சூழலை வைத்துத்தான். பெரிய எஞ்சின் வைத்து வேகமாக ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

கை வைக்கும் முன்பு ஒன்று. எஞ்சினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்ச்சின் கயிற்றை உருவி எடுத்துவிடுங்கள், ஸ்பார்க் பிளக் கேப்பையும் கழற்றிவிடுங்கள். சூடான எஞ்சினில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது கியர் விழுந்திருந்தால் எஞ்சின் ஒரு உதை உதைத்துப் பற்றிக்கொள்ளலாம். விரல் போனால் எந்த உலோகத்திலும் கிடைக்காது.

இன்னொன்று, எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். புரொப்பெல்லரின் நடுக்குடத்திலோ இறக்கையின் அடியிலோ 11⅜ x 12 என்பது போல அடித்திருப்பார்கள். முதல் எண் விட்டம். இறக்கை நுனிகள் சுற்றும் வட்டத்தின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் ஸ்குரூ ஏறுவது போல, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போக வேண்டும் என்ற கணக்கு. தண்ணீர் மரமில்லையே, அதனால் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலுக்குத்தான் ஸ்லிப் என்று பெயர்.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை

போன சோழகக் காற்றுக் காலத்தில் ஒரு அண்ணன் தன் படகை இன்னொரு படகில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "கியர் போச்சு தம்பி, பிரிச்சுப் பாரு" என்றார். வேறொரு பட்டறையில் கியர் செட் மாற்றச் சொல்லி விலையும் சொல்லிவிட்டார்களாம். மெதுவாக ஓட்டினால் ஓடுகிறதா என்று கேட்டேன். "ஓடுது. கொஞ்சம் திருகினா எஞ்சின் மட்டும் கத்துது" என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

புரொப்பெல்லர் ஒரே துண்டு உலோகமாகத் தெரிந்தாலும், உள்ளே மூன்று அடுக்கு இருக்கிறது. ஷாஃப்ட்டின் பல்லில் ஏறி உட்காருவது ஒரு சின்னக் குழாய். அதைச் சுற்றி ரப்பர். ரப்பரைச் சுற்றித்தான் இறக்கைகள் உள்ள வெளி உடம்பு. கல்லிலோ கட்டையிலோ அடிபட்டால் இந்த ரப்பர் வழுக்கிக் கொடுத்து, கியர் பல்லைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ரப்பர் வயதாகிக் காய்ந்துவிட்டாலோ, ஒருமுறை பலமாக அடிபட்டுவிட்டாலோ, கல்லே இல்லாத இடத்திலும் வழுக்க ஆரம்பிக்கும். மெதுவாகப் போகும்போது பிடிக்கும். பலம் கொடுத்தால் உள்குழாய் மட்டும் சுற்றும், இறக்கை பின்தங்கும்.

கியரைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கு ஒரு மார்க்கர் பேனா போதும். நட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்து பாருங்கள். உள்குழாய், ரப்பர், வெளி உடம்பு மூன்றும் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மூன்றின் மீதும் குறுக்கே ஒரே நேர்க்கோடு போடுங்கள். மார்க்கர் அழியும் என்று தோன்றினால் ஆணி முனையால் கீறுங்கள். திரும்ப மாட்டி, தண்ணீரில் இறக்கி, இரண்டு மூன்று முறை முழு ஆக்சிலேட்டர் கொடுத்துவிட்டு மறுபடி கழற்றிப் பாருங்கள். கோடு கோடாகவே இருந்தால் புஷ் நன்றாக இருக்கிறது. அண்ணனுடைய புரொப்பெல்லரில் உள்குழாயில் இருந்த கோடு 3 மணிப் பக்கம் இருந்தது, வெளியில் இருந்த கோடு 8 மணிப் பக்கம் போயிருந்தது. கியர் பெட்டியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

கடலில் இருக்கும்போது இது நடந்தால் பதற வேண்டாம். எந்த வேகத்தில் பிடிக்கிறதோ அந்த வேகத்திலேயே கரைக்கு வாருங்கள். வழுக்கவிட்டு ஓட்டினால் ரப்பர் சூடாகி, பிடிக்கிற கொஞ்சமும் போய்விடும்.

சரிசெய்ய வழி இரண்டு. ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில் புது ரப்பர் புஷ் அழுத்தி ஏற்றலாம். அல்லது புரொப்பெல்லரையே மாற்றலாம். அலுமினியத்தில் புஷ் ஏற்றும் செலவு, புதிதின் விலையில் பாதியைத் தொட்டால் நான் புதிதையே வாங்கச் சொல்வேன். ஸ்டீல் என்றால் கண்டிப்பாகப் புஷ் மாற்றலாம், உடம்பின் விலை அப்படி. மெர்க்குரி கம்பெனியின் ஃப்ளோ டார்க் வகைகளில் ரப்பருக்குப் பதில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் புஷ் வருகிறது, அதைக் கரையிலேயே கையால் மாற்றிக்கொள்ளலாம்.

மெதுவான ஓட்டத்திலும் கொஞ்சமும் பிடிக்கவில்லை, புரொப்பெல்லர் அசையவே இல்லை என்றால், 2 முதல் 5 குதிரைத்திறன் வரையுள்ள சின்ன எஞ்சின்களில் ஷியர் பின், அதாவது அடிபட்டால் தான் உடைந்து ஷாஃப்ட்டைக் காப்பாற்றும் ஊசி, உடைந்திருக்கலாம். அதற்கான பின்னையே போடுங்கள். கையில் கிடைத்த ஆணியை வெட்டிப் போட்டால், அடுத்த முறை ஆணி உடையாது, ஷாஃப்ட் உடையும். பிடித்துப் பிடித்து "டக் டக்" என்று உதறினால்தான் கியர்மேல் சந்தேகப்பட வேண்டும்.

முழு ஆக்சிலேட்டரிலும் ஆர்பிஎம் ஏறவில்லை, எஞ்சின் முக்குகிறது

ஒவ்வொரு எஞ்சின் புத்தகத்திலும் முழு ஆக்சிலேட்டரில் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வர வேண்டும் என்று ஒரு வரம்பு போட்டிருக்கும். பல எஞ்சின்களில் 5000 முதல் 6000, சிலவற்றில் 4500 முதல் 5500. அந்த வரம்புக்குள் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் புரொப்பெல்லர் தேர்வில் முக்கால் வாசி வேலை. உலோகம் அதற்கு அப்புறம்தான்.

மீட்டர் இல்லை என்பார்கள். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி வைக்கிற சின்ன ஆர்பிஎம் மீட்டர் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. புரொப்பெல்லர் வாங்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

சோதிக்கும்போது வெறும் படகில் சோதிக்காதீர்கள். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய் கேன், தொழிலுக்குப் போகும் ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு, அமைதியான தண்ணீரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாருங்கள். வரம்பின் அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை என்றால் பிட்ச் அதிகம். சைக்கிளில் பெரிய கியரில் மேடு ஏறுகிற கதைதான். எஞ்சின் முக்கும், சூடாகும், கரி படியும், அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் வரைக்கும் போகும்.

பிட்ச்சில் ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். வரம்பு 5000 முதல் 6000, உங்களுக்கு வருவது 4800, போட்டிருப்பது 13 பிட்ச் என்று வையுங்கள். 11 போட்டால் 5100, 5200க்கு வந்துவிடும். பாரத்தோடு வரம்பின் உள்ளே, காலியாகப் போகும்போதும் வரம்பைத் தாண்டாமல் இருந்தால் அதுவே சரியான பிட்ச். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பெட்ரோலில் கொடுக்கிற பலத்தைக் கொடுக்காது. பெட்ரோலுக்குச் சரியாக இருந்த பிட்ச் அதற்குப் பாரமாகத்தான் இருக்கும்.

பிட்ச்சை மாற்றும் முன் படகின் அடியைப் பாருங்கள். பாசியும் கொட்டலசும் ஒட்டியிருந்தால் எந்தப் புரொப்பெல்லரும் முக்கும். பிளக் ஒன்று அடிக்காமல் இருந்தாலும் இதே அறிகுறிதான். சுத்தம் செய்து, பிளக் பார்த்து, அப்புறம் பிட்ச்.

அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்கு மாறியவர்கள் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "அதே 13தான் போட்டேன், முன்னைவிட ஆர்பிஎம் குறைஞ்சிருச்சு" என்பார்கள். பல ஸ்டீல் புரொப்பெல்லர்களில் இறக்கையின் பின்விளிம்பு ஒரு உதடு மாதிரி மடிந்திருக்கும். கப் என்பார்கள். தண்ணீரைப் பிடித்துத் தள்ள அது உதவும், ஆனால் பிட்ச் அரை அங்குலமோ ஒரு அங்குலமோ கூடினது போலவும் ஆகிவிடும். அதோடு அலுமினிய இறக்கை பலத்த பாரத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஸ்டீல் அப்படிக் கொடுக்காது. அதனால் எண் அதே 13 ஆனாலும் எஞ்சினுக்கு அது வேறு 13. கப் உள்ள ஸ்டீலுக்குப் போகிறவர் ஒரு அங்குலம் குறைவான பிட்ச்சைக் கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆர்பிஎம் வரம்பைத் தாண்டுகிறது, வேகம் மட்டும் வரவில்லை

முதலில் மார்க்கர் சோதனை. புஷ் வழுக்கவில்லை என்று தெரிந்த பிறகு ஸ்லிப் கணக்கு. ஆர்பிஎம்மை பிட்ச்சால் பெருக்குங்கள். அதைக் கியர் விகிதத்தால் (புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) வகுத்து, மறுபடி 1215ஆல் வகுத்தால், வழுக்கலே இல்லாவிட்டால் வர வேண்டிய வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, கிடைக்கும். 5000 ஆர்பிஎம், 12 பிட்ச், கியர் விகிதம் 2 என்றால் 24.7 நாட். ஜிபிஎஸ்ஸில் 20 காட்டினால் ஸ்லிப் 19 சதவீதம். பாரம் ஏற்றிய மீன்பிடிப் படகுக்கு அது கெட்டது இல்லை. 14தான் காட்டுகிறது என்றால், 40 சதவீதத்துக்கும் மேல் வழுக்குகிறது. ஏதோ தப்பு. நீரோட்டம் கணக்கைக் கெடுக்கும் என்பதால், போகும்போது ஒருமுறை வரும்போது ஒருமுறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெரிய காரணம் மணல். கரையில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் எஞ்சினை முழுதாகத் தூக்காமல், கடைசி நொடி வரைக்கும் ஓட்டிக்கொண்டே வந்து மணலில் உரசுகிறவர்கள் உண்டு. அலுமினிய இறக்கையின் நுனி சோப்புக் கட்டி போலத் தேயும். தினமும் பார்ப்பதால் தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருடம் ஓடிய புரொப்பெல்லரைப் புதிதின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். சுற்றிலும் விரல் அகலத்துக்குக் குறைந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விட்டம் குறைந்தால் பிடிப்பும் குறையும், எஞ்சின் சுலபமாகச் சுற்றும், படகு போகாது.

ஸ்டீல் உண்மையிலேயே பலன் தரும் இடம் இது. மணல் தேய்மானத்தை அது அலுமினியத்தைவிடப் பல மடங்கு தாங்கும். கல் இல்லாத வெறும் மணல் கரையில், தினமும் இறக்கி ஏற்றி, 30 அல்லது 40 குதிரைத்திறன் எஞ்சின் ஓட்டுகிறவர் என்றால், ஸ்டீலுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரும். அதைவிடச் சின்ன எஞ்சின்களுக்கு ஸ்டீலில் அளவுகள் குறைவு. உங்களுக்கு வேண்டிய பிட்ச் கிடைக்காமல், கிடைக்கிற பிட்ச்சைப் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை.

திரும்பும்போதும் அலை தூக்கும்போதும் அலறுகிறது

இதைக் கேவிட்டேஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டுக்குக்கூடக் கேவிட்டேஷன் பிளேட் என்றுதான் பேர் வந்துவிட்டது. உண்மையில் நடப்பது காற்றை உறிஞ்சுவது. மேல்மட்டத்துக் காற்றோ, எஞ்சின் புகையோ இறக்கைக்குள் புகுந்துவிட்டால், இறக்கை தண்ணீருக்குப் பதில் நுரையை அடிக்கும். பாரம் சட்டென்று விலகும், எஞ்சின் அலறும்.

நேரான தளத்தில் படகை நிறுத்தி, அடிப்பலகைக்கு நேராக ஒரு நீளக் கட்டையை வைத்துப் பாருங்கள். அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு அங்குலம் வரை மேலேயோ இருக்கலாம். அதற்கும் மேலே போனால் எஞ்சின் உயரம். நீளக் கால் எஞ்சின் வேண்டிய படகில் குட்டைக் கால் எஞ்சினை மாட்டியிருப்பதும் உண்டு, பழைய எஞ்சின் கைமாறும்போது நடக்கிறது.

அடுத்து, புரொப்பெல்லரின் பின்னால் குடத்தின் வாய் விரிந்து ஒரு வளையமாக முடியும். குடம் வழியாகப் புகை வெளியேறும் எஞ்சின்களில் இந்த வளையம்தான் புகையை இறக்கையை விட்டு விலக்கிப் பின்னே தள்ளுகிறது. அது உடைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ புகை திரும்ப இறக்கைக்குள் வரும். அப்புறம் கடற்புல். பாக் விரிகுடாவில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிப் புல் கியர் பெட்டியின் முன்மூக்கில் சுற்றினாலே போதும், பின்னால் காற்றுக் குழி விழும். நியூட்ரல் போட்டு, ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்து, மறுபடி முன்னே போய்ப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே உதிர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திருப்பத்தில் விடுகிறது என்றால், கப் உள்ள ஸ்டீலோ நான்கு இறக்கை அலுமினியமோ உதவும். எங்கள் வேகத்துக்கு நான் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பிடிப்பு கூடும், நடுக்கம் குறையும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது பிட்ச்சை ஒன்றோ இரண்டோ குறைக்க வேண்டிவரும்.

ரிவர்ஸில் பலமே இல்லை என்று வருகிறவர்களும் உண்டு. தன் புகைக்குள்ளேயே பின்னோக்கிப் போகிற எஞ்சின் அப்படித்தான் இருக்கும். கோளாறு இல்லை.

கைப்பிடி நடுங்குகிறது

எஞ்சினைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, பிளக் கேப் கழற்றியாகிவிட்டதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஒரு குச்சியைக் கியர் பெட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். குச்சியின் முனை ஒரு இறக்கையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். இப்போது கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று இறக்கைகளும் குச்சியை ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும். ஒன்று முட்டி, ஒன்று விலகிப் போனால் இறக்கை வளைந்திருக்கிறது. அடுத்து, குச்சியை நட்டின் நடு முனைக்கு நகர்த்திச் சுற்றுங்கள். நடுமுனையே ஆடினால் வளைந்தது ஷாஃப்ட். அப்படியானால் புதுப் புரொப்பெல்லர் வாங்கிப் பயனில்லை.

விளிம்பில் சின்னச் சின்ன நெளிவு, பல் போன மாதிரி வெட்டு என்றால் தட்டை அரத்தால் விளிம்பின் வளைவு மாறாமல் ராவிவிடலாம். அலுமினியத்தில் இது அரை மணி நேர வேலை. வளைந்த இறக்கையைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துவதுதான் வேண்டாம் என்பேன். ஒருவர் அப்படி நிமிர்த்தி எடுத்து வந்த புரொப்பெல்லரை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொரு இறக்கையின் இரண்டு விளிம்புக்கும் மேசையிலிருந்து உயரம் அளந்தேன். மூன்றும் மூன்று விதம். மூன்று இறக்கைக்கும் மூன்று பிட்ச் இருந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? தெரிந்த பட்டறையில் சூடுபடுத்தி அச்சில் வைத்து நிமிர்த்தலாம், விட்டுப்போன நுனியை வெல்டிங் வைத்து வளர்க்கலாம். ஒவ்வொரு முறையும் அலுமினியம் கொஞ்சம் பலம் இழக்கும்.

ஸ்டீல் அவ்வளவு சுலபமாக வளையாது, பெரிய பெருமை அதுதான். ஆனால் வளைந்துவிட்டால் கரையில் இருக்கும் பட்டறையில் நிமிர்த்த முடியாது. அச்சும் ஆளும் உள்ள இடத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் தொழிலுக்கு எதைப் போட்டுப் போவீர்கள்?

பாரில் அடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கட்சி உண்டு. "ஸ்டீல் போட்டா கியர் உடையும்" என்பது ஒன்று. "அதுக்குத்தானே ரப்பர் இருக்கு, எதுவும் ஆகாது" என்பது இன்னொன்று. ரப்பர் இரண்டிலும் ஒன்றுதான், அது வழுக்கிக் காப்பாற்றும் என்பதும் உண்மை. ஆனால் அலுமினிய இறக்கை வளைந்தும் உடைந்தும் அடியில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஸ்டீல் இறக்கை வாங்காத அந்தப் பங்கு ரப்பருக்கும், அதைத் தாண்டி ஷாஃப்ட்டுக்கும் போகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி, பார் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் நிறத்தைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன். உடைந்தால் உடையட்டும், படகில் இன்னொன்று இருக்கிறது.

இறக்கையில் குழி, கியர் பெட்டியில் வெள்ளைப் பொடி

இரண்டும் வேறு வேறு. இறக்கையின் ஒரே இடத்தில் எறும்பு அரித்தது போல் குழி குழியாக, பெயின்ட் எரிந்தது போல் இருந்தால் அதுதான் உண்மையான கேவிட்டேஷன். வேகமாகச் சுற்றும் இறக்கையின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழியாகும். குமிழி உடையும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும். குழிக்கு முன்னால் உள்ள விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே ஒரு வெட்டு இருக்கும். அதை ராவினால் குழி வளர்வது நிற்கும்.

வெள்ளைப் பொடி என்பது அரிப்பு. இரண்டு வேறு உலோகங்களை உப்புத் தண்ணீரில் சேர்த்து வைத்தால் அது ஒரு பேட்டரி. அதில் ஒன்று கரையும். கியர் பெட்டி அலுமினியம். ஸ்டீல் புரொப்பெல்லர் போட்டால் கரையப் போவது பெட்டிதான், ஸ்டீல் அப்படியே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஜிங்க் என்கிற துத்தநாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பதில் அது கரையும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஜிங்க் தீர்ந்து, பெட்டி பொரிந்து வந்த எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலதில் ஜிங்க் புதிது போலவே இருந்தது, மேலே அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் அடித்த ஜிங்க் வேலை செய்யாது.

ஸ்டீல் போட்டவர்கள் ஜிங்கை அடிக்கடி பாருங்கள். நிறுத்தும்போது எஞ்சினைத் தண்ணீரை விட்டுத் தூக்கிவிடுங்கள். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டைக் கியர் பெட்டியில் அடிக்காதீர்கள், கிராஃபைட் கிரீஸை ஷாஃப்ட்டின் பல்லில் பூசாதீர்கள். இரண்டும் அதே பேட்டரி வேலையைச் செய்யும்.

கியர் போடும்போது "டங்" என்கிறது

ஸ்டீல் மாற்றிய பிறகு வந்த சத்தம் என்றால் காரணம் எடை. ஸ்டீலின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இறக்கை மெல்லியதாக வார்த்திருந்தாலும் மொத்தத்தில் கனம்தான். நின்றிருக்கும் அந்தக் கனத்தைக் கியர் ஒரே அடியில் சுற்றவைக்க வேண்டும். ஐட்லிங் அதிகமாக இருந்தால் சத்தம் இன்னும் கூடும், முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். இந்த அதிர்ச்சியைக் குறைக்கவே தனிப் புஷ் உள்ள புரொப்பெல்லர்கள் வருகின்றன, யமஹாவில் அதற்கு எஸ்டிஎஸ் என்று பெயர். கியரை மெதுவாகத் தடவிப் போடாமல் சட்டென்று போடுங்கள். பயந்து பயந்து போடுகிறவர் கையில்தான் கியர் பல் அதிகம் தேயும்.

கியர் ஆயில் பால் மாதிரி வருகிறது

ஷாஃப்ட் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போகிறது. புரொப்பெல்லரைக் கழற்றி, அதன் முன்னால் இருக்கும் வாஷரையும் எடுத்துப் பாருங்கள். தங்கூசி என்கிற நைலான் நரம்பு நெருக்கிச் சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகி ஒரு பிளாஸ்டிக் வளையமாகியிருக்கும். அதுதான் சீலை அறுத்தது. வலைத் தொழில் செய்கிறவர்கள் மாதம் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. உலோகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் ஸ்டீல் போட ஆசை

போடுங்கள், தப்பில்லை. ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து போடுங்கள். ஸ்டீல் இறக்கை மெல்லியது, வளையாது, அதனால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். 100 குதிரைத்திறனுக்கு மேல் வைத்து 30, 40 நாட்டில் பறக்கிற படகில் அந்த வித்தியாசம் ஜிபிஎஸ்ஸில் தெரியும். பாரம் ஏற்றி 18 நாட்டில் போகிற 40 குதிரைத்திறன் படகில் உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று கடையில் சொல்வதைச் சரியான பிட்ச் போட்ட அலுமினியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தப்பான பிட்ச்சோடு ஒப்பிடாதீர்கள். பளபளக்கிற சாமான் திருட்டுப் போகும் என்பதும் உண்டு. அதற்கென்று பூட்டு நட்டு விற்கிறார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றவே வரவில்லை

கிரீஸ் இல்லாமல் மாட்டியது. நட்டைக் கழற்ற ஒரு மரத்துண்டை இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால் புரொப்பெல்லர் சுற்றாது. நட்டு வந்தும் உடம்பு வரவில்லை என்றால், துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் இறக்கையின் அடியில், குடத்தை ஒட்டி, மரத்துண்டை வைத்துப் பின்னோக்கித் தட்டுங்கள். இறக்கை நுனியில் தட்டாதீர்கள். அதற்கும் வரவில்லை என்றால் பட்டறையில் இழுக்கும் கருவி இருக்கும். வந்த பிறகு ஷாஃப்ட்டின் பல்லைத் துடைத்து, மரைன் கிரீஸ் தாராளமாகப் பூசி, வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் மாட்டுங்கள். நட்டு கழலாமல் பிடிக்கும் கோட்டர் பின் பழசை நிமிர்த்திப் போட வேண்டாம், புதிது போடுங்கள். கட்டுக்கம்பியும் வேண்டாம்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: அதே அளவில் ஒரு அலுமினியப் புரொப்பெல்லர், பழசானாலும் பரவாயில்லை. ஒரு நட்டு, ஒரு வாஷர், நாலு கோட்டர் பின், நட்டுக்கான ஸ்பேனர், கொறடு, ஒரு மரத்துண்டு. நடுக்கடலில் பின்பக்கம் குனிந்து மாட்டும்போது ஸ்பேனரையும் கொறடையும் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். நட்டைக் கழற்றியதும் சட்டைப் பையில் போடாதீர்கள், குனிந்தால் விழும். வாயில் கவ்விக்கொள்ளுங்கள். கிரீஸ் ருசி இரண்டு நாள் இருக்கும்.